செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் கோல்ஃப் ஆட 30 பயனுள்ள குறிப்புகள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வட கடலை ஒட்டி இருக்கும் சிற்றூர் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃப் ஆடுகிறவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது ஆடிவிட ஆசைப்படும் 'ஓல்டு கோர்ஸ்' மைதானம் அங்கேதான் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தக் கடலோர மணல்வெளியில் கோல்ஃப் நடந்துவருகிறது. இத்தனை புகழ் பெற்ற இடம் ஏதோ பெரிய கிளப்புக்குச் சொந்தமாக இருக்கும், வெளியூர்க்காரரை உள்ளே விடமாட்டார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஊர்ப் பொதுநிலம். முறை தெரிந்து, நேரத்தோடு விண்ணப்பித்து, விருந்தாளிக்குரிய பணிவோடு போகிற எவருக்கும் அங்கே இடம் உண்டு. அதற்கு உதவும் குறிப்புகள் இவை.

வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை

1. யாருடைய நிலம் என்று தெரிந்துகொண்டு போங்கள். 1552-ல் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் இந்த மணல்வெளியில் முயல் வளர்க்க ஊராரிடம் அனுமதி பெற்றார். அதற்கான சாசனத்திலேயே, இங்கே கோல்ஃப் ஆடும் உரிமை ஊர்மக்களுடையது என்று உறுதி செய்தார். இன்று மைதானங்களை நிர்வகிப்பது 1974-ல் அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட். முதல் குழிக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் கல் கட்டடம் 1754-ல் தொடங்கிய 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' கிளப்புடையது. அது உறுப்பினர்களுக்கு மட்டும். விண்ணப்பம், விசாரிப்பு எல்லாவற்றுக்கும் டிரஸ்டைத்தான் அணுக வேண்டும்.

2. மாதத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலை ஆட்டம்கூட நிதானமாக முடியும். குளிர்காலத்தில் கட்டணம் குறையும். ஆனால் பகல் மிகவும் சிறிது. புல்லைக் காப்பாற்றுவதற்காக, நடுவழியில் விழும் பந்தை ஒரு சிறு செயற்கை விரிப்பின் மேல் வைத்து அடிக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை போகிறவர்களுக்குக் குளிர்காலம் ஏற்றதல்ல.

3. மூடியிருக்கும் நாட்களைக் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. அக்டோபர் தொடக்கத்தில் டன்ஹில் போட்டிக்காகவும் மூடுவார்கள். 2027-ல் ஓப்பன் சாம்பியன்ஷிப் இங்கே நடக்க இருப்பதால் அந்தக் கோடையில் பல நாட்கள் பொதுமக்களுக்குக் கிடைக்காது. டிரஸ்டின் இணையதளத்தில் அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்த பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள்.

4. ஹேண்டிகேப் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். உங்கள் ஆட்டத் தரத்தைக் காட்டும் இந்தச் சான்று இல்லாமல் பழைய மைதானத்தில் ஆட முடியாது. சென்னை, ஊட்டி, கொடைக்கானல், கொழும்பு, நுவரெலியா என்று எந்த ஊர் கிளப்பில் உறுப்பினராக இருந்தாலும் செயலாளரிடம் கேட்டால் கிடைக்கும். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கு முறை வந்துவிட்டதால் நம் ஊர்ச் சான்று அங்கேயும் செல்லும். தாளில் ஒரு பிரதி, கைபேசியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. குழுவாகப் போகிறீர்களா? ஓர் ஆண்டு முன்பே விண்ணப்பியுங்கள். அடுத்த ஆண்டுக்கான நேரங்களில் ஒரு பகுதியை முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் வாங்கி ஒதுக்குகிறார்கள். சரியான தேதியை ஒவ்வோர் ஆண்டும் டிரஸ்ட் அறிவிக்கும். ஒரே ஒரு தேதியைச் சொல்லாமல், இந்த வாரத்தில் எந்த நாளானாலும் சரி என்று எழுதுகிறவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

6. தினசரிக் குலுக்கலை நம்பலாம். விளையாட விரும்பும் நாளுக்கு 2 நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது 2 பேர், அதிகம் போனால் 4 பேர் சேர்ந்து கொடுக்கலாம். அன்று மாலையே முடிவு தெரிந்துவிடும். திங்கள்கிழமை ஆட்டத்துக்குச் சனிக்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே செய்துவிடலாம். ஒருவருடைய பெயரை இரண்டு குழுக்களில் சேர்க்காதீர்கள். அது முறையும் அல்ல, பயனும் இல்லை.

7. தனியாகப் போகிறவர்களுக்கும் வழி உண்டு. முன்பெல்லாம் தனி ஆட்டக்காரர்கள் விடியும் முன்பே, சிலர் நள்ளிரவிலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். 2024 முதல் அதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. ஆடுவதற்கு முந்தைய நாள் நேரில் போய், அடையாள அட்டையும் ஹேண்டிகேப் சான்றும் காட்டிப் பதிய வேண்டும். இருவராகவோ மூவராகவோ ஆடும் குழுவில் காலி இடம் இருந்தால் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். குடும்பத்தோடு சுற்றுலா போய், வீட்டில் ஒருவர் மட்டும் ஆடுகிறவராக இருந்தால் இதுவே நல்ல வழி.

8. ஊரில் 4, 5 இரவாவது தங்குங்கள். எடின்பரோவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய் ஆடிவிட்டு வரலாம் என்ற திட்டம் குலுக்கலோடு ஒத்துவராது. ஒரு நாள் பெயர் விழாவிட்டால் மறுநாள், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த நாள் என்று தொடர்ந்து கொடுக்க வேண்டும். தங்கும் நாட்கள் கூடக் கூட வாய்ப்பும் கூடும். பல்கலைக்கழக ஊர் என்பதால் ஜூன் மாதப் பட்டமளிப்பு நாட்களில் அறை கிடைப்பது கடினம். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

9. பணக் கணக்கை முன்கூட்டிப் போடுங்கள். கோடைக் கட்டணம் 2024-லேயே ஒருவருக்கு 320 பவுண்ட். கேடியின் கூலியும் அன்பளிப்பும் தனி. ஆட்ட நேரத்தை உறுதியாகத் தரும் பயண நிறுவனங்களும் விடுதிகளும் உண்டு. அறை, சாப்பாடு, மற்ற மைதானங்கள் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பதால் செலவு பல மடங்கு ஆகிவிடும். நாட்கள் கைவசம் இருப்பவர்களுக்குக் குலுக்கலே சிக்கனம்.

10. விசா வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிரிட்டனின் சுற்றுலா விசா தேவை. பயணத்துக்கு 3 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு விசா வேண்டாம். 2025 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி மட்டும் பெற்றால் போதும்.

பெட்டி கட்டும்போது

11. மட்டைகளைப் பத்திரமாகக் கட்டுங்கள். டிரைவரின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, தடித்த காலுறைக்குள் நுழைத்துக் கட்டுங்கள். நீண்ட மட்டைகளின் நடுவில் துண்டுகளையும் ஸ்வெட்டரையும் திணித்தால் ஒன்றோடொன்று மோதாது. பைக்குள் இருக்கும் மிக நீளமான மட்டையைவிட சற்று உயரமான கம்பு ஒன்றை நடுவில் நிறுத்தினால், தலைகீழாகப் போட்டாலும் எடை முழுவதும் கம்பின் மேல் விழும். கட்டி முடித்ததும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இவ்வளவு சுமக்க வேண்டாம் என்றால் அங்கேயே மட்டைகள் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் பட்டரை மட்டும் கொண்டுபோனால் போதும்.

12. உடை அடுக்கடுக்காக இருக்கட்டும். கோடையிலும் பகல் வெப்பம் 18, 19 டிகிரியைத் தாண்டுவது குறைவு. ஒரே ஆட்டத்துக்குள் வெயில், காற்று, சாரல் மூன்றும் வரும். கடலிலிருந்து 'ஹார்' என்ற மூடுபனி திடீரென ஏறி வரும். ஒரு கனமான கோட்டுக்குப் பதிலாக மெல்லிய உள்ளாடை, கம்பளிச் சட்டை, தண்ணீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும் என்று எடுத்துக்கொண்டால் வேண்டும்போது போடலாம், கழற்றலாம். குடையைவிட மழைச்சட்டையும் காது மூடும் தொப்பியும் அங்கே அதிகம் உதவும். காற்றில் குடை நிற்காது.

13. குறைந்தது மூன்று கையுறை வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு வையுங்கள். ஒன்று நனைந்தால் அடுத்ததை எடுக்கலாம். சிறு டர்க்கித் துண்டு ஒன்றைப் பைக்கு வெளியேயும் மற்றொன்றைப் பைக்குள் உலர்வாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பிடி ஈரமானால் ஆட்டமே போய்விடும்.

14. புதுச் செருப்போ ஷூவோ வாங்கிக்கொண்டு நேராக அங்கே போகாதீர்கள். பழைய மைதானத்தில் மருத்துவக் காரணம் இருந்தால் தவிர வண்டி கிடையாது. 18 குழிகளையும் நடந்தே கடக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதே ஷூவோடு தினமும் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள். கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, முழங்கால் உறை, வழக்கமான மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும்.

15. தின்பண்டத்தில் சட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இறைச்சியும் பால் பொருளும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, நெய் இனிப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பருப்புப் பொடி போன்றவை ஆட்டத்தின் நடுவே கைகொடுக்கும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். காலி பாட்டில் ஒன்று போதும். இந்திய பிளக் அங்கே பொருந்தாது. மூன்று தட்டையான கம்பி உள்ள அடாப்டர் எடுத்துச் செல்லுங்கள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும்

16. ரயில் ஊருக்குள் போகாது என்பது நினைவிருக்கட்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் ரயில் நிலையம் 1969-லேயே மூடப்பட்டுவிட்டது. எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையம் வரை சுமார் ஒரு மணி நேர ரயில் பயணம். அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ சிறிது நேரத்தில் போய்விடலாம். மட்டைப் பை பெரிதாக இருந்தால் டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

17. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தை நடந்து பாருங்கள். அன்று அது ஊரின் பூங்கா. குழந்தைகள், முதியவர்கள், நாய்கள் எல்லோரும் உலா வருவார்கள். காசு எதுவும் கிடையாது. சனிக்கிழமை போய்ச் சேரும்படி பயணத்தை வைத்துக்கொண்டால், ஆடும் முன்பே பங்கர்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன, கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காலாலேயே அளந்துவிடலாம். குறிப்பேட்டில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். கிரீன்கள் மேல் கால் பதிக்காமல் ஓரமாக நடப்பது மரியாதை.

18. 'ஹிமாலயாஸ்' என்ற பட்டிங் திடலைத் தவறவிடாதீர்கள். பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே மேடும் பள்ளமுமாக இருக்கும் இது, 1867-ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் மகளிர் பட்டிங் கிளப்பின் திடல். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது நாகரிகம் இல்லை என்று கருதிய காலத்தில் அவர்களுக்காக மைதானப் பராமரிப்பாளர் ஓல்டு டாம் மாரிஸ் அமைத்துக் கொடுத்தது. இன்று சிறு கட்டணத்தில் யாரும் ஆடலாம். மட்டையைத் தொட்டே பார்க்காத குடும்பத்தினரும் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிக்கலாம். உங்களுக்கோ, பழைய மைதானத்தின் நீண்ட பட்டுகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

19. ஆடுவதற்கு முந்தைய நாள் கல்லறைத் தோட்டத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். 1318-ல் திருநிலைப்படுத்தப்பட்ட பேராலயத்தின் இடிபாடுகளுக்கு நடுவே ஓல்டு டாம் மாரிஸும் அவர் மகன் யங் டாமும் அடக்கமாகியிருக்கிறார்கள். தந்தை 4 முறை ஓப்பன் வென்றவர். 1865 முதல் 1903 வரை இந்த மைதானத்தைப் பராமரித்தவர். மகனும் 4 முறை வென்றவர். 1875 கிறிஸ்துமஸ் அன்று, 24 வயதிலேயே இறந்துபோனார். கிளப் கட்டடத்துக்குப் பின்புறம் உள்ள உலக கோல்ஃப் அருங்காட்சியகத்தில் பழங்கால மட்டைகளையும் இறகுப் பந்துகளையும் பார்க்கலாம். இவற்றைப் பார்த்துவிட்டு ஆடப் போகிறவருக்கு அங்கே ஒவ்வொரு குழியும் கதை சொல்லும்.

மைதானத்தில்

20. முடிந்தால் கேடி ஒருவரை அமர்த்துங்கள். பல குழிகளில் எங்கே அடிக்க வேண்டும் என்பதே கண்ணுக்குத் தெரியாது. தூரத்துத் தேவாலயக் கோபுரத்தையோ முட்புதரின் ஓரத்தையோ காட்டி, அதை நோக்கி அடியுங்கள் என்பார் கேடி. அவர் சொல்லும் திசை வினோதமாகத் தோன்றினாலும் நம்பி அடியுங்கள். கூலிக்கும் அன்பளிப்புக்கும் ரொக்கம் கையில் வைத்திருப்பது நல்லது. முதல் குழியிலேயே உங்கள் ஆட்டத் தரத்தை மறைக்காமல் சொல்லிவிட்டால், அதற்கேற்ற மட்டையை எடுத்துக் கொடுப்பார்.

21. முதல் அடிக்குப் பதற்றப்பட வேண்டாம். கிளப் கட்டடத்து ஜன்னல்கள் முன்னால், சாலையில் போகிறவர்கள் நின்று பார்க்க, அடிக்க வேண்டும் என்பதால் கைநடுக்கம் வரத்தான் செய்யும். ஆனால் முதல் குழியும் 18-ஆம் குழியும் ஒரே புல்வெளியைப் பகிர்ந்துகொள்வதால் கோல்ஃப் உலகிலேயே மிக அகலமான இடங்களில் அதுவும் ஒன்று. பங்கரும் கிடையாது. கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடைதான் ஆபத்து. பெரிய மட்டையை விட்டுவிட்டு, பந்து ஓடைக்கு முன்னே நிற்கும்படி நிதானமாக அடியுங்கள். அரை மணி முன்பே வந்து கை, இடுப்பு, தோளைத் தளர்த்திக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

22. சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடியுங்கள். ஊரிலிருந்து வெளியே போகும் குழிகளும் திரும்பி வரும் குழிகளும் அடுத்தடுத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போகின்றன. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, மஞ்சள் பூப் பூக்கும் கார்ஸ் முட்புதரும் எல்லைக்கோடும் பெரும்பாலும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் பொதுவான புல்வெளி. கிரீனுக்கு நல்ல கோணம் பல குழிகளில் வலப்பக்கத்திலிருந்து கிடைக்கும் என்பது உண்மைதான். அது தேர்ந்தவர்களுக்கு. முதல் முறை ஆடுகிறவர் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொள்வதே பத்திரம்.

23. பந்தை உயர்த்தாமல் உருட்டுங்கள். கடலோர மணல் மண் என்பதால் தண்ணீர் உடனே வடிந்து தரை கெட்டியாக இருக்கும். புல் மெல்லியது, குட்டையானது. அங்கே உயரத் தூக்கி அடிக்கும் பந்தைக் காற்று எங்கோ கொண்டுபோகும். தரையில் விழுந்தாலும் துள்ளி ஓடிவிடும். கிரீனுக்கு முன்பே விழுந்து உருண்டு போகும்படி அடிப்பதுதான் அந்த மண்ணின் ஆட்டம். கிரீனுக்கு வெளியே 20, 30 அடி தள்ளி நின்றாலும் பட்டரையே எடுக்கத் தயங்காதீர்கள். 1995 ஓப்பனின் கடைசிக் குழியில் கான்ஸ்டன்டினோ ரோக்கா பள்ளத்திலிருந்து பட்டரால்தான் உருட்டிக் குழியில் போட்டு, ஜான் டேலியோடு சமநிலைக்கு வந்தார்.

24. கொடியின் நிறத்தைப் பாருங்கள். இங்கே 14 குழிகள் 7 பெரிய கிரீன்களை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்கின்றன. அப்படிச் சேரும் இரண்டு குழிகளின் எண்ணைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். 2-ம் 16-ம், 3-ம் 15-ம், 8-ம் 10-ம் இப்படி. போகும் குழிகளுக்கு வெள்ளைக் கொடி, வரும் குழிகளுக்குச் சிவப்புக் கொடி. தவறான கொடியை நோக்கி அடித்தால் நீளமான பட்டு மிஞ்சும். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் குழு அதே கிரீனில் இருந்தால் அவர்கள் முடிக்கும் வரை காத்திருங்கள். 7-ஆம், 11-ஆம் குழிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும். அங்கே நின்று பார்த்து அடிப்பது அவசியம்.

25. பங்கரில் வீரம் வேண்டாம். மொத்தம் 112 பங்கர்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், வரலாறு உண்டு. முற்காலத்தில் ஆட்டம் எதிர்த்திசையிலும் நடந்ததால், பல பங்கர்கள் இன்று நாம் நிற்கும் இடத்திலிருந்து கண்ணில் படாது. சுவர்போலச் செங்குத்தாக இருக்கும் முகப்பைத் தாண்டி அடிக்கப் பார்க்காதீர்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே எடுத்துவிட்டு அடுத்த அடியைத் தொடருங்கள். 1921-ல் பாபி ஜோன்ஸ் 11-ஆம் குழியின் பங்கரில் மாட்டி ஆட்டத்தையே கைவிட்டார். 1995-ல் ஜாக் நிக்லஸ் 14-ஆம் குழியின் 'ஹெல்' பங்கரிலிருந்து வெளியே வர 4 அடி எடுத்துக்கொண்டார். 2000-ல் டைகர் வுட்ஸ் 4 நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல் ஆடி, 8 அடி வித்தியாசத்தில் வென்றார். பங்கரைத் தவிர்க்க ஒரு மட்டை குறைத்து அடிப்பதே புத்திசாலித்தனம்.

26. 17-ஆம் குழியில் 5 எடுத்தால் திருப்தியாக இருங்கள். விதிப்படி 4 அடியில் முடிக்க வேண்டிய குழி. ஆனால் விடுதிக் கட்டடத்தின் மூலைக்கு மேலாகப் பந்தைப் பறக்கவிட வேண்டும். கிரீனுக்கு முன்னால் ஆழமான ரோடு பங்கர், பின்னால் தார்ச்சாலையும் கல் சுவரும். சாலையில் விழுந்த பந்தை அங்கிருந்தேதான் அடிக்க வேண்டும். 1978-ல் ஜப்பானின் டாமி நகஜிமா அந்த பங்கரில் சிக்கி 9 எடுத்தார். 1984-ல் டாம் வாட்சனின் பந்து சாலையைக் கடந்து சுவரோரம் போனது. பட்டம் செவே பாயஸ்டெரோஸுக்குப் போனது. மூன்றாவது அடியில் கிரீனுக்கு முன்புறம் வலப்பக்கத்திலிருந்து ஏறுவது பாதுகாப்பான வழி.

27. ஸ்வில்கன் பாலத்தில் படம் எடுங்கள், ஆனால் சுருக்கமாக. 18-ஆம் குழிக்குப் போகும் வழியில் உள்ள இந்தச் சிறு கற்பாலம், ஆடுமாடு ஓட்டிச் செல்வதற்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டியது என்கிறார்கள். 2005-ல் ஜாக் நிக்லஸ் ஓப்பனிலிருந்து விடைபெற்றது இதன் மேல் நின்றுதான். 2023-ல் பாலத்தின் அருகே கல் பாவியபோது எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே அதைப் பெயர்த்தெடுத்தார்கள். அவ்வளவு பற்று அந்த இடத்தின் மேல். பின்னால் வரும் குழு காத்திருக்கும் என்பதால் இரண்டு படத்தோடு நகர்ந்துவிடுங்கள். சுமார் 4 மணி நேரத்தில் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தொலைந்த பந்தை நெடுநேரம் தேட வேண்டாம்.

28. ஊர்க்காரர்களுக்கு வழி விடுங்கள். முதல் குழியையும் 18-ஆம் குழியையும் குறுக்கே கடந்து 'கிரானி கிளார்க்ஸ் விண்ட்' என்ற பொதுப்பாதை போகிறது. கடற்கரைக்குப் போகும் ஊர்மக்கள் அதில் நடப்பார்கள். அவர்கள் கடந்த பிறகே அடியுங்கள். பந்து தவறாகப் போனால் தயங்காமல் 'ஃபோர்!' என்று உரக்கக் கத்துங்கள். அடிக்கும்போது பெயர்ந்த புல்லை எடுத்து அதே இடத்தில் பொருத்தி மிதியுங்கள். பங்கரை விட்டு வரும்போது மணலைச் சமன் செய்யுங்கள். கிரீனில் பந்து விழுந்த குழிவைச் சரிசெய்யுங்கள். முடிந்தால் இன்னொருவர் விட்டுப்போனதையும் சேர்த்தே சரிசெய்யுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

29. ஈரத்தையும் மணலையும் அன்றே நீக்குங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். மட்டை முகப்பின் கோடுகளில் ஒட்டிய மணலைப் பழைய பல்துலக்கியும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கால்சட்டை மடிப்பிலும் பையின் அடியிலும் தங்கிய மணலை உதறிவிட்டுப் பெட்டி கட்டுங்கள். மதிப்பெண் அட்டையை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தால் மடங்காமல் சட்டமிடலாம்.

30. குலுக்கலில் பெயர் விழாவிட்டாலும் பயணம் வீண் இல்லை. டிரஸ்ட் நடத்தும் பொது மைதானங்கள் மொத்தம் 7. பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே 1895-ல் திறந்த 'நியூ கோர்ஸ்' இருக்கிறது. பெயர்தான் புதிது, அதுவும் ஓல்டு டாம் மாரிஸின் கைவண்ணம். அதன் பக்கத்தில் 1897-ன் ஜூபிலி. சற்றுத் தள்ளி க்ரெய்ல் கிராமத்தில் 1786-ல் தொடங்கிய கோல்ஃப் சங்கம். எடின்பரோவுக்கு அருகே மஸ்ஸல்பரோவில், குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவே 9 குழி பழைய மைதானம். 1874 முதல் 1889 வரை 6 முறை ஓப்பன் நடந்த இடம் அது. இவை எல்லாவற்றிலும் பழைய மைதானத்தைவிடக் குறைந்த செலவில், எளிதாக இடம் கிடைக்கும்.

அடுத்த ஆண்டு போக நினைக்கிற அன்பர்கள் இன்றே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். கிளப்பில் ஹேண்டிகேப் சான்று கேளுங்கள். கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். டிரஸ்டின் விண்ணப்பத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஊர்மக்கள் தங்கள் நிலத்தை உலகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாம் ஆடிய தடம் தெரியாமல், அடுத்து வருகிறவருக்கு நல்ல புல்லாக விட்டுவிட்டு வருவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.